விசுக்கோத்துத் தின்ற பறவை

கல்யாணம் முடித்துக் கிரானிலிருந்து பெரியகல்லாற்றுக்கு நான் கொண்டுவந்தவை ஒரு பயணப் பையும் ஒரு சைக்கிளும்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அவள் வீட்டில் போய் இருக்க வேண்டும். அதில் ஒரு குறையுமில்லை, ஊர் முழுக்க அப்படித்தான். ஆனாலும் கட்டில் சீதனம், கதிரை மாமியுடையது, கிணறும் தென்னையும் மனைவி பேரில் எழுதிய காணி உறுதியில் என்று இருக்கும்போது ஆம்பிளைக்கு உள்ளே ஒரு எரிச்சல் இருக்கத்தான் செய்யும். எனக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. ஏழாம் வருடம் மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் அந்தக் கொக்கட்டீல் கிளியைக் கண்டேன். மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, விசிலடித்தால் திருப்பி விசிலடிக்கும். விலைகூடப் பேசாமல் வாங்கிவந்து விறாந்தையில் கூட்டைத் தொங்கவிட்டேன். அந்த வீட்டில் என்னுடையது என்று நான் விரல் நீட்டிச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

மாமியைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். பழைய வழக்கம் விடாத வீடுகளில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. மரியாதையாம். நான் வாசலில் நின்று செருமினால் அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். சாப்பாடு ஆயத்தமானால் சுவரைப் பார்த்து, "சோறு போட்டிரிக்கு, ஆறப்போகுது" என்பார். கறியில் உப்புக் கூடினால் நான் மனைவியிடம் சொல்ல வேண்டும், அவள் அம்மாவிடம் சொல்வாள். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு தூது அனுப்பும் கூத்து இது. நானும் அதற்குப் பழகிப்போனேன். உண்மையைச் சொன்னால், அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பறவைக்கு நான் போட்டது சூரியகாந்தி விதை. கடைக்காரன் அதைத்தான் சொன்னான். போகப் போக அதற்கு நாக்கு ருசி கண்டுவிட்டது. தினை போட்டால் சொண்டால் தட்டிக் கீழே கொட்டும். சாமை போட்டால் கோப்பையையே கவிழ்க்கும். விதை வரும்வரைக்கும் கத்தும். மூன்று வருடத்தில் கொழுத்து உருண்டுபோய், ஒரு கம்பியிலிருந்து அடுத்ததற்குப் பாய்ந்தால் வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் அதன் வயிற்று இறகை ஊதி விலக்கிப் பார்த்தார்.

"இது பறவ இல்ல, எண்ணெய்ப் போத்தல்" என்றார். "ஈரல் கொழுத்துப்போச்சு. விதையக் குறைங்க. பொரியல், விசுக்கோத்து, இனிப்பு ஒண்டும் கூடா. கீரை, குரக்கன், முளைவிட்ட பயறு குடுங்க. ஆனா ஒரேயடியா மாத்திப்போடாதீங்க. தெரியாத சாப்பாட்ட அது சாப்பாடெண்டே நினைக்காது. பட்டினி கிடந்து செத்துப்போகும்."

நான் பிடிவாதக்காரன். பிடித்தால் குரங்குப் பிடிதான். விடிய எழும்பியதும் முருங்கை இலைக் கொத்தை நனைத்துக் கூட்டின் மேல்கம்பியில் கட்டுவேன். ஈர இலையில் குளிக்கலாம் என்று வந்தாலாவது சொண்டில் படும் என்ற எண்ணம். விதையைப் பின்னேரத்துக்குத் தள்ளி, கரண்டியால் அளந்து போட்டேன். கூட்டத்தோடு தின்னும் சாதி அது, நாம் தின்பதைக் கண்டால் தானும் தின்னும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து பச்சைக் கரட்டையும் கங்குன் கீரைத் தண்டையும் நறுக் நறுக்கென்று கடித்தேன். மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"கிரான்ல மாப்பிள எடுத்தமெண்டு பார்த்தா, மாடுதான் வந்திரிக்கு."

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று கிழமைக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அது என்னையும் கரட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டும். பிறகு ஒரு நாள் காலை, நான் கவனிக்காதபோது, முருங்கை இலை ஒன்றின் ஓரம் பல்லுப் பல்லாய்க் கடிபட்டிருந்தது. அடுத்த நாள் என் கண்முன்னாலேயே இரண்டு இலை. பிள்ளை முதல் அடி வைத்ததுபோல் இருந்தது எனக்கு. கந்தோரில் பக்கத்து மேசைக்காரனிடம்கூடச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

பிறகு குரக்கன் மா உருண்டை தின்றது, பயறு தின்றது, பப்பாசி விதையைக்கூடக் கொத்திப் பார்த்தது. ஆனால் உடம்பு இறங்கவில்லை. கிழமைக்கொருதரம் தராசில் வைப்பேன், இலக்கம் ஏறிக்கொண்டிருந்தது. கீரை தின்று யாராவது கொழுப்பார்களா? ஒரு நாள் கூட்டின் அடியில் விரித்த பேப்பரை மாற்றும்போதுதான் விளங்கியது. மடிப்புக்குள் விசுக்கோத்துத் தூள். தேத்தண்ணீரில் ஊறின விசுக்கோத்து.

நானும் மனைவியும் வேலைக்குப் போனால் வீட்டில் இருப்பவர் மாமி மட்டும்தான்.

"உங்கட அம்மாக்கிட்ட சொல்லு" என்றேன் மனைவியிடம். "விசுக்கோத்து அதுக்கு நஞ்சு. விளங்கப்படுத்திச் சொல்லு."

"ஓம், சொல்றன்."

அடுத்த கிழமையும் தூள் கிடந்தது. அதோடு முறுக்குத் துண்டு.

"சொன்னியா இல்லியா?"

"சொன்னன் எண்டு சொல்றன்தானே."

அப்படியென்றால் மாமி மனிசி வேண்டுமென்றே செய்கிறது என்று தீர்மானித்தேன். என்னுடைய பொருள் என்று தெரிந்துதான் கை வைக்கிறது; மருமகன் ஒன்றைச் செய்யாதே என்றால் அதைச் செய்து காட்டுகிறது. மனதுக்குள் வைத்துக் கறுவினேன். இரவுச் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்து எழும்புவேன். அவர் சுவரைப் பார்த்து, "மீன் பழசு இல்ல, இண்டைக்கு வாவியில பிடிச்சதுதான்" என்பார். நான் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவேன்.

ஒரு நாள் தலையிடி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். வேலிப் படலையடியிலிருந்தே தெரிந்தது. மாமி கூட்டுக்குப் பக்கத்தில் நின்று, தேத்தண்ணீர்க் கோப்பையில் தோய்த்த விசுக்கோத்தை விரலால் கம்பிக்குள் நீட்டிக்கொண்டிருந்தார். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு தின்கிறது.

"தின்னுங்க மனே. விடிய இருந்து அவர் போட்ட புல்லத் தின்னு வயிறு காஞ்சிருக்கும். வாயில்லாச் சீவன், ஆருக்கிட்டச் சொல்லும்? அவரும் இப்ப ஒழுங்காச் சாப்பிடுறார் இல்ல. ரெண்டு பேருக்கும் நான் என்னத்தப் போட?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "மாமி, அதுக்கு ஈரல் வருத்தம், குடுக்காதீங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் போகும்? நான் செருமினேன். அவர் திடுக்கிட்டு முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் பெரிய மரியாதைக்காரன்போல் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பத்து நாள் போகவில்லை. பின்னேரம் நான் வந்தபோது அது கூட்டின் அடியில் சரிந்து கிடந்தது. கால்விரல்கள் மடங்கியிருந்தன. காலையில் கட்டிய முருங்கைக் கொத்தில் பாதி தின்றிருந்தது. மனைவி குசினியில் நின்றாள், மாமி அவளுக்குப் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் செருமவில்லை. செத்த பறவையைக் கையில் வைத்துக்கொண்டு நேரே குசினிக்குள் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"சாக்காட்டிப்போட்டீங்களே மாமி. சொல்லச் சொல்ல விசுக்கோத்துக் குடுத்துச் சாக்காட்டிப்போட்டீங்க."

தேங்காய் துருவிய கை நின்றது. அவர் முந்தானையை இழுக்கவில்லை. என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"விசுக்கோத்தா?" என்றார். "விசுக்கோத்துக் கூடாதெண்டு எனக்கிட்ட ஆரும் சொல்லல்லயே."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அகப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ ஆசையாக் குடுக்கிறத வேணாமெண்டு நான் எப்பிடிச் சொல்ற?" என்றாள் கடைசியில். "ஊடு என்ட பேரிலதான். எண்டாலும் அவட குசினி இது. நீங்க கோவத்தில சொல்றீங்க, மறுகா மறந்திருவீங்க எண்டு நினைச்சன்."

இரண்டு பேர்மீதும் எனக்குக் கோபம் வந்தது. அதைவிடக் கூடுதலாக வந்தது என்மீதுதான், ஆனால் அதை யாரிடம் போய்க் கத்துவது. மாமி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழும்பி, பறவையின் கொண்டையை ஒரு விரலால் தடவினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஒருக்கா என்னப் பார்த்து நீங்க சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பனே, தம்பி."

நான் பறவையோடு வெளியே போனேன். பின்வளவில் குழி தோண்டிப் புதைத்தேன்.

இப்போது பழையபடி அவர் சுவரைப் பார்த்துச் சோறு ஆறப்போகிறது என்கிறார், நான் போய்ச் சாப்பிடுகிறேன். மிச்சம் வைப்பதில்லை. பதினொரு வருடத்தில் மாமியின் முகத்தைப் பார்த்து நான் பேசியது அந்த ஒரு பேச்சுத்தான். அதற்குமேல் இன்னொன்று சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.