‘ஏங்க’ என்று கூப்பிட்ட சத்திரம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில், கொட்டாம்பட்டிக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கிற ஒரு பழைய சத்திரத்தில் நடந்தது இது.

நான் மதுரைக்காரன். போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்ப்பது தொழில். அறுபது வயசு நெருங்கியும் விடவில்லை. விட்டால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிற பயம்தான். அன்றைக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டாரை மேலே எடுத்து, சரி பண்ணி, திரும்ப இறக்கி முடிக்கும்போது இருட்டிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது.

அங்கிருந்து மதுரைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். திருச்சி பஸ் விடிய விடிய ஓடுகிறது. கிளம்பியிருந்தால் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருந்திருப்பேன். அதுதான் எனக்கு வேண்டாமென்று இருந்தது. அந்தத் தை மாதம்தான் என் மனைவி இறந்துபோயிருந்தாள். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். வீட்டைத் திறந்து, லைட்டைப் போட்டு, பேச்சுச் சத்தத்துக்காக டி.வி.யையும் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமலே படுத்திருப்பேன். அந்தப் பூட்டைத் திறக்கிற நேரம் இருக்கிறதே, அதைத் தள்ளிப்போட என்ன காரணம் கிடைத்தாலும் எனக்குச் சரிதான்.

மழையைச் சாக்குச் சொல்லி, பக்கத்தில் தங்க இடம் இருக்கிறதா என்று தோட்டக்காரரிடம் கேட்டேன். பழநிக்கு நடந்து போகிறவர்களுக்காக அந்தக் காலத்துச் செட்டியார் ஒருவர் கட்டிவைத்த சத்திரம் பழைய ரோட்டில் இருக்கிறதென்றார். தை மாதம் பாதயாத்திரைக் கூட்டம் வந்தால் நிரம்பி வழியுமாம். மற்ற நாளில் ஈ காக்காகூடத் தங்காதாம். ஏன் என்று கேட்டதற்கு, “அங்க ஒண்ணு கூப்பிடும்ணே” என்றார், ஏதோ குழாயில் தண்ணீர் சொட்டும் என்பதைப்போல. நான் சிரித்துவிட்டு அவர் வண்டியிலேயே போய் இறங்கினேன்.

சத்திரத்துக்கு ஒரு வாட்ச்மேன் உண்டு. ஐம்பது வயசிருக்கும், நல்ல பேச்சுக்காரர். குடும்பத்தோடு ரோட்டுக்கு எதிர்ப்புறம் குடியிருந்தார். கேட்டைத் திறந்து, கல்தூண் வரிசையைத் தாண்டி உள்ளே கூட்டிப்போய், ஓர் அறையில் பாயும் தலையணையும் போட்டுக்கொடுத்தார். பின்பக்கம் கக்கூஸ் இருப்பதாகவும், மோட்டார் போட்டால் தண்ணீர் வரும் என்றும் சொன்னார். கூப்பிடுகிற பேயைப் பற்றி நானே வாயைக் கொடுத்தேன். கேட்பதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் தூணில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்துவிட்டார்.

பஸ் இல்லாத காலத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பழநிக்கு நடந்து வந்தார்களாம். பெண்டாட்டிக்குக் காய்ச்சல். மருந்து வாங்கி வருகிறேன் என்று போன புருஷன் திரும்பவேயில்லை. அவள் இந்தச் சத்திரத்திலேயே காத்திருந்து செத்துப்போனாளாம். மழைக்காலத்தில், இங்கே தனியாகத் தங்குகிற ஆம்பிளையாகப் பார்த்து, “ஏங்க, ஏங்க” என்று கூப்பிடுவாளாம். மறுமொழி சொன்னால் புருஷன் வந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிடுவாளாம். “என்ன சத்தம் கேட்டாலும் நீங்க வாயத் தொறக்காதீகண்ணே. அம்புட்டுத்தான்” என்று முடித்தார். நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்றேன். தான் இருக்கும்போது அது கூப்பிடாது, தனக்குத்தான் பெண்டாட்டி இருக்கிறாளே என்று சொல்லிச் சிரித்தார். பிறகு எனக்குப் பரோட்டா வாங்கி வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கொட்டாம்பட்டிக்குக் கிளம்பினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

போன் வெளிச்சத்தையும் அணைத்துவிட்டு, சார்ஜ் போய்விடுமே என்று, இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பயமெல்லாம் இல்லை. ஆனால் அந்த வாட்ச்மேன் சொன்ன கதையில் ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. ‘ஏங்க.’ எங்கள் வீட்டில் என் பெயர் அதுதான். முப்பது வருஷத்துக்கு மேல் என் மனைவி என்னை வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. கேஸ் தீர்ந்தால் ஒரு மாதிரி, பாத்ரூமில் கரப்பான் பூச்சியைப் பார்த்தால் ஒரு மாதிரி, மகனிடம் இருந்து போன் வந்தால் இன்னொரு மாதிரி. வார்த்தை ஒன்றுதான், சேதியை நான் ராகத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். “இந்தா வாரேன்” என்பேன். உடனே போய்விடமாட்டேன், அது வேறு விஷயம். அவள் போன பிறகு என்னைச் சார் என்கிறார்கள், அண்ணே என்கிறார்கள், மகன் அப்பா என்கிறான். ஏங்க என்று கூப்பிட இந்த உலகத்தில் ஆளில்லை. ஆளோடு சேர்ந்து ஒரு வார்த்தையும் போய்விடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

“ஏங்க.”

மழைச் சத்தம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை தெளிவாகக் கேட்டது. பொம்பிளைக் குரல். “ஏங்க... இங்க வாங்களேன்.” கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பயமில்லை என்று எழுதினேன் இல்லையா, அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காலை மடக்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். கேட் வரைக்கும் ஓடிவிடலாமா என்று பார்த்தால், இருட்டில் அத்தனை தூணையும் தாண்டிப் போக வேண்டும்.

மூன்றாவது தடவை குரல் இறங்கிப்போயிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்து, இவர் எங்கே வரப்போகிறார் என்று கைவிடுகிற மாதிரி ஒரு ‘ஏங்க.’ அந்த ராகம் எனக்குத் தெரியும். கடைசி நாட்களில் கட்டிலில் கிடந்தபடி என் மனைவி அப்படித்தான் கூப்பிடுவாள். நான் யோசித்து எதுவும் செய்யவில்லை. என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

“இந்தா வாரேன்.”

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. அந்தப் பக்கமும் சத்தம் நின்றுபோனது. சரி, பேய்தான் என்றே வைத்துக்கொள்வோம், கூட வந்தால் வரட்டுமே என்று ஓர் எண்ணம் வந்தது. சத்தியமாக வந்தது. என் வீட்டில் இடமா இல்லை? போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பின்பக்கம் ஒரு கிணறு. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்திருந்தது. மழையில் தண்ணீர் மேலே ஏறி, விளிம்பிலிருந்து ஓர் ஆள் உயரம் கீழே நின்றது. டார்ச்சை அடித்தால், மார்பளவு தண்ணீரில் ஒரு பெண், சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் மிரண்டுவிட்டாள். தன் புருஷன் வருவார் என்று எதிர்பார்த்தவள் அல்லவா. வாட்ச்மேன் பெண்டாட்டி என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு உயிர் வந்தது. கால் முறிந்துவிட்டது, கை மரத்துப்போகிறது, இனிமேல் தாங்காது என்றாள். கல்லெல்லாம் பாசி. பிடி விட்டால் அவ்வளவுதான், கீழே எத்தனை ஆழமோ.

ஓடிப்போய் என் பையிலிருந்த கயிற்றை எடுத்து வந்தேன். போர்வெல்லில் மோட்டாரை இறக்குகிற நைலான் கயிறு. ஒரு முனையில் இறுகாத முடிச்சாக ஒரு வளையம் போட்டு இறக்கி, ஒவ்வொரு கையாக அதற்குள் விடச் சொல்லி, கக்கத்தில் மாட்டியதும் மறுமுனையைக் கிணற்றுக் கல்தூணில் சுற்றிக் கட்டினேன். இனி முழுக மாட்டாள். ஆனால் மேலே தூக்க என் ஒருத்தன் பலம் போதவில்லை. வழுக்கி இரண்டு தடவை விழுந்தேன். வாட்ச்மேன் வந்துவிட்டாரா என்றுகூடத் தெரியாமல், “அண்ணே, அண்ணே” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கத்தி முடிப்பதற்குள் அவர் ஓடி வந்துவிட்டார். கையில் பரோட்டாப் பொட்டலம் அப்படியே இருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததும் பொட்டலத்தைப் போட்டுவிட்டு, “அடியே, நீயா” என்றார். அவ்வளவுதான் வந்தது வாயில். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து மேலே போட்டோம்.

மேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆம்புலன்சிலேயே அந்த அம்மா நடந்ததைச் சொன்னது. கரண்ட் போனதைப் பார்த்ததும், மோட்டார் ஓடாது, தங்க வந்த ஆளுக்குப் பின்பக்கம் தண்ணீர் இருக்காதே என்று ஒரு வாளி இறைத்து வைக்கப் பின்வழியாக வந்திருக்கிறது. பாசியில் கால் வழுக்கிவிட்டது. புருஷன் பரோட்டா வாங்கப் போனது தெரியாது. உள்ளே என்னோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைத்துத்தான் கூப்பிட்டிருக்கிறது.

நான் வாய் சும்மா இல்லாமல், புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே அம்மா என்றேன். பெயர் காதில் விழுந்திருந்தால் அது பேயில்லை என்றாவது தெரிந்திருக்குமே. “உசுரு போற நேரத்துலகூட அவுக பேரு வாயில வரலையேண்ணே” என்றது.

எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோன பிறகு, வராந்தாவில் வாட்ச்மேன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த கேள்வியை நான் கேட்கவில்லை. கத்தியதும் அத்தனை சீக்கிரம் எப்படி வந்தார் என்பதுதான் அது. அவராகவே சொன்னார்.

“நான் வாசக் கேட் பக்கத்துலதான் நின்னேன் சார். அவ கூப்பிட்டது எனக்கும் கேட்டுச்சு. உள்ள வர பயந்துக்கிட்டு நின்னேன். எம் பொண்டாட்டி கொரல எனக்கே தெரியலையே.”

அதுவரை அண்ணே என்று கூப்பிட்டவர் அப்போது ஏனோ சார் என்றார். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என்னை ஏதோ வீரன் மாதிரி ஆஸ்பத்திரியில் எல்லோரும் பார்த்தார்கள். அது கூச்சமாக இருந்தது. எனக்காக வீட்டில் ஒருத்தி காத்திருந்தால் நானும் அந்த அறையை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். இழக்க ஒன்றுமில்லாத ஆளுக்குத் துணிச்சல் சுலபம். இதையெல்லாம் அவரிடம் சொல்லத் தெரியாமல் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

விடிந்து நான் கிளம்பும்போது அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரப் போனேன். காலில் கட்டுப் போட்டிருந்தார்கள். எல்லாரும் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கும்போது நீங்கள் மட்டும் எப்படி அண்ணே வந்தீர்கள் என்று கேட்டது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்காததாலோ என்னவோ உண்மை வந்துவிட்டது.

“நீ பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேம்மா. வேற யாரையோ கூப்பிடுறேன்னு இருந்திருப்பேன்.”

என் மனைவி இறந்ததையும் சொன்னேன். “சாப்புட்டுப் போங்கண்ணே” என்றது அந்த அம்மா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு.

இப்போது அது நன்றாக நடக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் புருஷனும் பெண்டாட்டியும் என்னோடு போனில் பேசுவார்கள். சத்திரத்துப் பேய் மட்டும் போகவில்லை. வாட்ச்மேன் பெண்டாட்டியைக் கிணற்றில் தள்ளியதே அதுதான் என்றும், மதுரையிலிருந்து வந்த மோட்டார் மெக்கானிக் அதோடு பேச்சுவார்த்தை நடத்தி மீட்டதாகவும் கதை வளர்ந்துவிட்டதாம். அதைச் சொல்லிக்கொண்டு திரிவதே அந்த வாட்ச்மேன்தான் என்று எனக்குச் சந்தேகம். சொல்லட்டும். அன்றைக்குக் கேட்டிலேயே நின்றுவிட்டதை மறைக்க அவருக்கு ஒரு பேய் வேண்டியிருக்கிறது.

எனக்கு அந்த ராத்திரியில் மிஞ்சியது ஒரு பழக்கம்தான். பஸ்ஸிலோ, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு நெரிசலிலோ, காய்கறிக் கடையிலோ, யாரோ ஒரு பெண் தன் புருஷனை “ஏங்க” என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். என்னை இல்லை என்று தெரிந்துதான் திரும்புகிறேன்.