கற்பகவல்லியின் ஃபிலிம் மெஷின்

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் யாரும் முழுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. மேசைக்கு அடியில் கிடக்கும் சிபியூவை மட்டும் கழற்றி, மொபெட்டில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எதிர்வீட்டுக் கற்பகவல்லியும் அப்படித்தான் கிளம்பினாள். எனக்கு இன்றைக்கும் அந்தப் பழக்கத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அவள் புருஷன் சிவபாண்டி நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். எங்கேயாவது தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் போதும், அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வருவாள். கம்பெனி வேன் தெருமுனையில் வந்து அவனை இறக்கிவிடும் வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. பிரஸ்ஸில் வேலை பார்த்து டிசைன் கற்றவள், மூடப்போகிற ஒரு பிரஸ்ஸில் பழைய ஃபிலிம் மெஷின் ஒன்று விலைக்கு வந்ததும் கழுத்தில் கிடந்ததை விற்று வாங்கினாள். கம்ப்யூட்டரில் செய்கிற டிசைனை அது ஃபிலிமாக எடுத்துத் தரும். அதை வைத்துத்தான் சின்ன பிரஸ்காரர்கள் அச்சடிக்கிற பிளேட் போடுவார்கள். காலண்டருக்கு அடியில் கடைப் பெயர் அடிக்கிறார்களே, அந்த வேலை அவளுக்கு நிறைய வந்தது.

மெஷின் வந்த அன்றே புருஷனிடம் சொல்லிவிட்டாள்: "இனிமே அந்த வேன்ல நீங்க ஏறக்கூடாது." அவனும் ஏறவில்லை. பிரஸ் பிரஸ்ஸாக ஃபிலிம் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலையானது. கம்பெனிக்குப் போட்டுப்போன பருத்திச் சட்டையைத் தூசி விழாமலிருக்க மெஷின் மேல் போர்த்திவிட்டாள். மருந்து வாசம் போகாத சட்டைக்கு இப்போதுதான் நல்ல உத்தியோகம் கிடைத்திருக்கிறது என்று அவனைச் சீண்டுவாள். தெருவில் அவர்களைப்போலச் சிரித்துக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி கிடையாது.

இந்த வருஷம் காலண்டர் சீசனில் பார்ட்டிகள் அனுப்புகிற புது டிசைன்கள் அவளுடைய பழைய விண்டோஸில் திறக்கவில்லை. புதுசு போட்டே ஆகவேண்டும். சீசனில் ஒரு நாள்கூட மெஷினை நிறுத்த முடியாது, ஆயுத பூஜை அன்று மட்டும்தான் அதற்கு ஓய்வு. அன்று காலையிலேயே மெஷினைத் துடைத்து, பிளக்கைப் பிடுங்கி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டாள். மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் பொட்டு வைத்தாள். காலடியில் கிடக்கும் சிபியூவுக்குப் பொட்டு வைத்து அவளுக்குப் பழக்கமில்லை. அதனால் அதை எடுத்துப் போவதில் தோஷம் ஒன்றும் தெரியவில்லை.

ரிப்பேர் கடை ஆசிக் கெட்டிக்காரப் பையன். கண்ணை மூடிக்கொண்டு விண்டோஸ் போட்டுக் கொடுக்கிறவன் இல்லை. புது விண்டோஸ் இதில் ஓடுமா என்று சோதித்துப் பார்த்தான். பிராசஸர், மெமரி, டிஸ்க் எல்லாவற்றுக்கும் பச்சை டிக் விழுந்தது. அப்படியும் அவன் கேட்டான்.

"அக்கா, இதோட வேற என்ன மாட்டுவீக? அதுக்கும் புது விண்டோஸ் ஒத்துக்கிடுமான்னு பாத்துட்டுப் போடுவோம்."

ஃபிலிம் மெஷின் பூஜையில் இருக்கிறது, மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது என்றாள். அப்படியானால் நாளைக்கு வீட்டுக்கே வந்து, மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டுப் போட்டுத் தருகிறேன் என்றான். நாளைக்கு என்றால் ஒரு நாள் வேலை போகும். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அது சாமி மாதிரி தம்பி. அது பாட்டுக்கு ஓடும். நீங்க போடுங்க."

டிசைன்களை எல்லாம் பத்திரமாக காப்பி எடுத்துக்கொண்டுதான் டிஸ்க்கை அழிக்கச் சொன்னாள். மெஷினை ஓட்டுகிற டிரைவர் என்கிற சாஃப்ட்வேரும் அதே டிஸ்க்கில்தான் இருந்தது. அதை அவள் நினைக்கவில்லை.

மறுநாள் மறுபூஜை முடித்து, மாலையை எடுத்துவிட்டு மெஷினைப் போட்டாள். மெஷினில் லைட் எரிந்தது. ஆனால் அப்படி ஒரு மெஷின் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. ஆசிக் ஓடி வந்தான். திரும்பப் பழைய விண்டோஸைப் போட்டும் பார்த்தான். டிரைவர் இல்லாமல் அதுவும் ஒன்றுதான். அந்த மெஷினைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. விற்ற பிரஸ்காரரிடம் டிரைவர் சிடி கேட்டால், அதெல்லாம் எப்போதோ பழைய சாமானோடு போய்விட்டது என்றார். கேட்காத ஆளில்லை, போகாத கடையில்லை. பார்ட்டிகள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த வாரம் பார்த்தேன்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் திறந்ததும், ஒரு நாள் காலையில் சிவபாண்டி குளித்துவிட்டு வந்து மெஷின் மேல் கிடந்த சட்டையை எடுத்து உதறினான். பருத்தியில் அவனிடம் வேறு சட்டை கிடையாது. நைலான் உரசினால் பொறி கிளம்பும் என்று, அதைப் போட்டுப் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பூஜைக்கு வைத்த குங்குமம் அதன் தோளில் ஒட்டியிருந்தது. அவள் தட்டிவிடப் பார்த்தாள். போகவில்லை.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அவன் பட்டனைப் போட்டுக்கொண்டே படியிறங்கினான். கற்பகவல்லி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. சாயங்காலம் வேன் திரும்பும் வரைக்கும் வாசலிலேயே நின்றாள்.