நுவரெலியா வெயிலும் ஒரு வெள்ளைக் கவுனும்

இங்கே திருச்சியில் மொட்டைமாடியில் துணியைப் போட்டுவிட்டு வந்து காபி குடிப்பதற்குள் காய்ந்து அப்பளமாக விறைத்துவிடுகிறது. அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு இலங்கை மலைநாட்டில் நாங்கள் குடியிருந்த நுவரெலியா ஞாபகம் வந்து எரிச்சல் பற்றிக்கொள்ளும்.

அங்கே காயாத துணியின் நாற்றம்தான் எங்கள் வீட்டு வாசனை. கணவருக்கு ஒரு ஹோட்டலில் வேலை. அவர்களே கொடுத்த வெள்ளைக்காரன் காலத்து வீடு: சிவப்புக் கூரை, புல்தரை, வேலியோரம் நீலப் பூப்புதர். அழகுதான், குடியிருந்து பாருங்கள் தெரியும்! வெயில் விழுவது வாசல் பக்கம் மட்டும். கொடியும் அங்கேதான். மூடுபனி விலகி வெயில் எட்டிப்பார்க்கிற நேரமாகப் பார்த்து, சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்க வேனில் வந்து இறங்குவார்கள். கேட்டைத் திறந்து உள்ளேயே வந்துவிடுவார்கள்.

ஒருநாள் இப்படித்தான். மறுநாள் பள்ளிக்கூட விழாவில் மகள் முதல் வரிசையில் நின்று பாட வேண்டும். வெள்ளைக் கவுனைக் கொடியில் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பினால் கொடி காலி. ஒரு புதுமணத் தம்பதி புதர் முன்னால் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கிறார்கள். கவுன் சேற்றில் கிடக்கிறது.

"படத்துல துணி விழுந்துச்சு, அதான் எடுத்துட்டோம்."

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"ஏங்க, இங்க உள்ளவங்க எவ்ளோ நல்லா தமிழ் பேசுறாங்க பாருங்களேன்!"

எந்த ஊர் என்று கேட்டேன். திருச்சியாம். நானும் திருச்சிதான் என்று சொல்ல மானம் இடம்கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், தேயிலைச் சரிவை ஒட்டிய லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்த புஷ்பம் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒங்க ஊரு ஆளுங்கதானேக்கா, நீங்களே பேசிக்கோங்க!"

அவள் சிரிப்பதற்கென்ன! கடைத்தெருவிலோ வருஷக்கணக்காக என்னிடம் ஒரே கேள்விதான்: "எப்பங்க ஊருக்குப் போறீங்க?" உள்ளூர்க்காரர்களுக்கு நான் சுற்றிப் பார்க்க வந்தவள், சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு உள்ளூர்க்காரி. நான் எங்கேதான் போவது?

புஷ்பம்தான் கவுனை அலசி, தன் அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தாள். மறுநாள் மகள் விறகுப் புகை மணக்க மணக்க, முதல் வரிசையில் நின்று பாடினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன வாரம் மகள் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். "அம்மா, நம்ம வீடு இப்ப ஹோட்டலாம்!"

பெரிதாக்கிப் பார்த்தேன். கூரை புதுச் சிவப்பு. புதர் நிறையப் பூ. கொடியைக் காணோம். லயம் இருந்த இடத்தில் நீச்சல்குளம். இத்தனை வருஷம் கழித்து, வேனில் வந்தவர்கள் ஆசைப்பட்ட படம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது.