அத்திபெலே ஆலை வாசலில் கழன்ற தாலி

அடுகோடியில் நானும் சித்தியும் சட்டை தைத்த பட்டறைக்குப் போன மாதத்தோடு ஆர்டர் நின்றுவிட்டது. பங்களாதேஷிலிருந்து தைத்தே வந்து இறங்கும் சட்டை எங்களுடையதைவிட மலிவாம். அதே சமயம், அத்திபெலே பக்கம் தைவான்காரர்கள் பணம் போட்ட செல்போன் ஆலையில் பெண்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. சித்தப்பா காலில் அடிபட்டு வீட்டில் இருக்கிறார். சித்திக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். எனக்குப் பதினாறுதான், எடுக்க மாட்டார்கள். எட்டாவதோடு நின்றாலும் கன்னட எழுத்து படிக்கத் தெரியும் என்பதால், பஸ் போர்டு பார்த்துச் சொல்லத் துணைக்குப் போனேன்.

போன செவ்வாய் காலை 6.40 பஸ். சில்க் போர்டு சந்திப்பு நெரிசல் மட்டுமே அரை மணி நேரத்தைத் தின்றது. பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆதார் காட்ட வேண்டும். அத்திபெலேயிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய்.

"இன்டர்வியூவா அக்கா? காலையிலேர்ந்து நாலாவது லோடு. எனக்கு ஒரு சேலை இருந்தா நானே போயிடுவேன்" என்றார் ஆட்டோக்காரர்.

செய்முறைத் தேர்வு ஆலைக்குள். வாசலில் இருந்த உலோகச் சோதனை வளைவுக்குள் சித்தி நுழைந்ததும் அது கத்தியது. தாலிச் சரட்டில் தொங்கிய ஊக்குகளைக் கழற்றினார். மறுபடியும் கத்தியது.

"ஊக்கு மட்டும் இல்லக்கா, தாலியும் கழட்டணும். உள்ள துளி மெட்டல் ஆகாது" என்றார் பெண் காவலர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்தி குளிக்கும்போதுகூட அதைக் கழற்றியதில்லை. முன்னால் நின்ற ஓர் அம்மா, "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று திரும்பி நடந்தார்.

காவலர் தன் கழுத்தைக் காட்டினார். மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் கிழங்கு. "நாங்கல்லாம் இப்படித்தான். பெட்டிக்கடையில விக்குது."

"கயிறு யாரு கட்டுவா? அவரு வீட்ல காலை நீட்டிட்டு இருக்காரு."

"நானே கட்டிக்கிட்டேன்கா. நீங்களும் கட்டிக்கோங்க."

சித்தி சிரித்துவிட்டார். கயிறு வாங்கித் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு, தாலியை என் கையில் வைத்தார். "இறுக்கிப் பிடிச்சுக்கோ. யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத. உனக்குத்தான் அது நல்லா வருமே."

எங்கோ தைத்த சட்டையும் வேறு எங்கிருந்தோ வந்த பணமும் என் சித்தியின் கழுத்துவரை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. இரண்டு மணி நேரம் மூடிய கையைத் திறக்காமல் வாசலிலேயே நின்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. திரும்பும் பஸ்ஸிலேயே சித்தி போனில் எல்லாவற்றையும் சொன்னார். சித்தப்பா கத்துவார் என்று காத்திருந்தேன்.  அவரோ, "கம்பெனி பஸ் நம்ம தெருவுக்கு வருமா?" என்று கேட்டார்.

நீங்களும் போவதாக இருந்தால் ஏழு மணிக்கு முன் கிளம்புங்கள். வளையல், கொக்கி வைத்த ரவிக்கை வேண்டாம், சுடிதார் போதும். தாலியைப் பற்றி வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். வாசலில் யோசிக்க நேரமில்லை, பின்னால் வரிசை நிற்கிறது.