வெள்ளிக்கிழமை பத்தரைக்குள் வாங்கிய ஃபாயில் மெஷின்

தோல் பர்ஸ், பாஸ்போர்ட் கவர் போன்றவற்றில் ஃபாயில் என்கிற தங்க நிறத் தாளைச் சூட்டில் அழுத்தித் தங்க எழுத்தில் பெயர் அடிக்க எந்த மெஷின் வாங்கலாம், செங்கல்பட்டுப் பக்கம் எங்கே பார்க்கலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அதற்காகவே அலைந்தேன். எழுத மனம் வராமல் இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன். இன்னொருவராவது தப்பிக்கட்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். தோல் தைப்பது சாயங்கால வேலை. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் கடை வைத்திருக்கும் சலீம் பாய் என் கவர்களை வாங்கி விற்பார். அவர் ஒரு ரிசார்ட்டுக்காரரிடம் பேசி, தங்க வரும் ஒவ்வொருவர் பெயரையும் கவரில் அடித்துக் கொடுக்கும் வேலையைப் பிடித்துத் தந்தார். மாதம் இருநூற்றைம்பது கவர். பெயர்கள் தினமும் மாறும் என்பதால் வெளியே கொடுத்து அடிக்க முடியாது, மெஷின் கையில் இருக்க வேண்டும். இந்த ஆர்டரை நம்பி வேலையை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அவர் தொழுகைக்குக் கிளம்புவதற்குள் மெஷினோடு வந்து கண்ணெதிரே ஒன்று அடித்துக் காட்ட வேண்டும் என்பது பேச்சு. அன்று சாயங்காலமே ரிசார்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

காலை 7.20க்குச் செங்கல்பட்டிலிருந்து கிளம்பினோம். வண்டி என் மச்சான் குமரனுடைய லோடு ஆட்டோ. அவன் என் மனைவியின் தம்பி, அச்சரப்பாக்கத்திலிருந்து விடியற்காலையிலேயே வந்துவிட்டான். முதலில் மறைமலைநகர், பதினைந்து கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே ஊர்ந்து போக ஐம்பது நிமிடம் ஆனது. அங்கே பார்த்தது காற்றழுத்தத்தில் இயங்கும் புது மெஷின், விலை 62,000. கம்ப்ரெசர் தனி. அது போடும் சத்தத்துக்கு எங்கள் தெருவில் யாரும் பகலில் கண் அசர முடியாது. வேண்டாம் என்று திரும்பினோம்.

9.50க்குச் சிங்கப்பெருமாள்கோவில். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் கையால் இழுக்கும் பழைய மெஷின் விலைக்கு இருந்தது, 26,500 ரூபாய். காலையிலிருந்தே சூடாக ஓடிக்கொண்டிருந்தது. அச்சகக்காரர் ஒரு பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, என் பெயரை எழுத்துக் கோத்து, கைப்பிடியை இழுத்தார். எழுத்து தகதகவென்று விழுந்தது. எனக்கு அப்போதே மனசு ஆகிவிட்டது. அந்த மனிதர் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவரே சொன்னார்:

"தோலு நான் அடிச்சதே இல்ல சார். சூடு ஏத்தி அரை மணி நேரம் விட்டு, உங்க தோல வெச்சி ஒருவாட்டி அடிச்சிப் பாத்துக்கங்க."

மணி 10.20. குமரன் போனைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "மாமா, பத்தரைக்கு ராகு காலம் ஸ்டார்ட் ஆவுது. காசு குடுக்கறதுன்னா இப்பவே குடுத்துடு." 10.27க்குப் போனில் பணம் அனுப்பினேன். பையில் நான் கொண்டுபோன தோல் துண்டு வெளியே வரவே இல்லை. நான்கு பேர் சேர்ந்து மெஷினை வண்டியில் ஏற்றினோம்.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் நாற்பது கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சாலை நன்றாக இருக்கிறது. வழியில் டீ 24 ரூபாய், இருவருக்கும் சேர்த்து. அந்த டீ குடிக்கும்போது நான் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

11.55க்குக் கடையில் மெஷினை இறக்கி மின்சாரம் கொடுத்தோம். 12.20க்கு முதல் கவரை வைத்து இழுத்தேன். எழுத்து அழகாகத்தான் விழுந்தது. சலீம் பாய் கையில் வாங்கி, கட்டை விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தார். பாதிப் பெயர் அவர் விரலுக்கு வந்துவிட்டது. என் தோல் எண்ணெய் ஏற்றிய தோல். பத்திரிகைக்குப் போதுகிற சூடு அதற்குப் போதாது. சூட்டைக் கூட்டத் திருகினேன். திருகு சுற்றியது, சூடு காட்டும் முள் அசையவில்லை. வருடக்கணக்காகப் பத்திரிகைச் சூட்டிலேயே ஓடி உள்ளே பழுதாகியிருந்தது. இரண்டாவது கவரும் அப்படியே. மூன்றாவதை அவர் தேய்த்துக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, பாஸ்போர்ட்டு கவரு பையில போட்டு போட்டு எடுக்கற சாமானு. ரெண்டே நாள்ல பேரு பூடும். ரிசார்ட்காரன் என்னியதான கேப்பான்?"

கோபமாகச் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார். ஆர்டர் பாண்டிச்சேரியில் யாருக்கோ போனது.

மெஷினை மறுபடி ஏற்றி, வண்டியைக் கடற்கரைக் கோயில் பக்கம் நிறுத்தியிருந்தோம். டூரிஸ்டுகள் படம் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் நின்று குமரனைப் பிடித்துக்கொண்டேன். "ராகு காலம், ராகு காலம்னு சொல்லி என் பொழப்ப முடிச்சிட்டடா. லோடு அடிக்கறவனுக்கு மெஷின பத்தி இன்னா தெரியும்? உன்ன இட்டுகினு வந்தேன் பாரு, என்னியத்தான் சொல்லணும்."

அவன் போய் வண்டியைக் கிளப்பினான். செங்கல்பட்டில் ஆள் பிடித்து மெஷினைப் பத்திரமாக இறக்கி வைத்தான். அவன் அக்கா கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடாமல் கிளம்பினான். டீசலுக்கு நான் நீட்டிய 700 ரூபாயையும் வாங்கவில்லை.

மேலே குமரன் சொன்னதில் பாதியைத்தான் எழுதினேன். மீதியையும் எழுதிவிடுகிறேன். "இல்லன்னா வுடு மாமா, பன்னெண்டு வரைக்கும் இங்கியே குந்திகினு தோல வெச்சி நல்லா அடிச்சிப் பாக்கலாம். அப்பால காசு குடுக்கலாம். பாய்க்கு நான் போன் பண்ணி தொழுவ முடிஞ்சி வர்றோம்னு சொல்றேன்." இதுதான் அவன் சொன்னது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பன்னிரண்டரைக்குள் போய் நின்று பெருமை காட்ட வேண்டும் என்று நான்தான் பறந்தேன். ராகு காலத்தில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. உங்கள் தோலை, நீங்கள் தைக்கிற அதே கனத்தில், கையோடு கொண்டுபோங்கள். விற்பவர் தரும் அட்டையில் அடித்துப் பார்ப்பது வேலைக்கே ஆகாது. மெஷின் ஏற்கெனவே சூடாக இருந்தால் அணைக்கச் சொல்லுங்கள், ஆறவிட்டு மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். முள் எங்கே போய் நிற்கிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். எண்ணெய்த் தோல் என்றால் அதற்கென்று விற்கும் ஃபாயிலைக் கேட்டு வாங்குங்கள், பத்திரிகை ஃபாயில் பிடிக்காது. அடித்ததை மறுநாள் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அதுவரை பணத்தை எடுக்காதீர்கள். கூட வருகிறவர் காத்திருக்கலாம் என்று சொன்னால் காத்திருங்கள்.

என் மெஷினுக்கு 1,900 ரூபாய் செலவில் சூட்டுத் திருகை மாற்றிவிட்டேன். இப்போது தோலிலும் நன்றாகவே பிடிக்கிறது, பத்திரிகையிலும் பிடிக்கிறது. அடிக்கத்தான் ஒன்றுமில்லை. நான் மறுபடி காலை 5.40 கம்பெனி பஸ்ஸில் மறைமலைநகர் போகிறேன், பழைய சம்பளத்தைவிடக் குறைவு.

போன வாரம் அச்சரப்பாக்கத்திலிருந்து குமரனின் புதுமனை புகுவிழாப் பத்திரிகை வந்தது. தபாலில் வந்தது. அக்கா வீட்டில் மெஷின் இருக்க, வேறு எங்கோ காசு கொடுத்துத் தங்க எழுத்தில் அடித்திருந்தான். என் மனைவி அதை வாங்கி, தம்பியின் பெயர்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பி என்னிடம் காட்டினாள். ஒரு துளிகூட ஒட்டவில்லை.