விராலடிப்பானுக்கு விரித்த பட்டு நூல்

காலை ஆறு இருபது. தென்னேரி ஏரியில் நான் முதலில் பார்த்தது ஒரு மூங்கில் கழி. கரையோரம், முழங்கால் அளவுத் தண்ணீரில் நட்டிருந்தார்கள். காற்றே இல்லை, ஏரி அசையாமல் கிடந்தது. கழியைச் சுற்றி மட்டும் தண்ணீர் அடிக்கடி சலசலத்தது.

கரையில் புதரை ஒட்டி, பறவைக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ள ஒரு பச்சை வலை. அதற்குள் மூன்று பேர், மூன்று கேமராக்கள்.

“குனிஞ்சு வாங்க சார்... ஆள் வர்ற நேரம்” என்று கிசுகிசுத்தார் தனசேகர்.

‘ஆள்’ என்று அவர் சொன்னது விராலடிப்பானை. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து நம் ஏரிகளுக்கு வரும் வேட்டைப் பறவை. பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. ஆகாயத்தில் நின்றபடி குறி பார்த்து, காலை நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழும். எழும்போது காலில் மீன் இருக்கும்.

தனசேகர் காஞ்சிபுரத்தில் கல்யாண போட்டோகிராபர். அவர் மனைவி மல்லிகா வீடியோ. இருவரும் சேர்ந்து ஸ்டூடியோ நடத்துகிறார்கள். தாலி கட்டப் போகும் கையைப் பாதியில் நிறுத்தி, “மாப்ள, அப்படியே... கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க” என்று சொல்லக்கூடியவர் தனசேகர். மாப்பிள்ளையும் நிறுத்துவார்! அதே தொழில்முறையை ஏரிக்கும் கொண்டு வந்திருந்தார்.

ஆம், கழியில் கட்டியிருந்தது ஓர் உயிருள்ள மீன். அதுவும் விரால்.

“பேரே விராலடிப்பான். அதுக்குப் போயி கெண்டை வச்சா மரியாதையா இருக்குமா சார்?”

மூன்று பனிக்காலமாக ஒரு படத்துக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறார் மனிதர். ஃபிரேம் முழுக்கப் பறவை. அதன் மஞ்சள் கண்ணில் ஏரி தெரிய வேண்டும். பறவைப் படப் போட்டி ஒன்றுக்கு அனுப்ப அன்றுதான் கடைசி நாள். எப்படியாவது எடுத்துவிட வேண்டும்...

நான் செய்தித்தாளில் வேலை பார்த்தவன். அங்கே கற்றுக்கொண்டதைச் சொன்னேன். நடந்ததைப் படம் எடுக்கலாம். நடக்க வைத்து எடுக்கக் கூடாது.

மூன்றாவது கேமராக்காரர் பாஸ்கர் – வங்கி அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை பறவை ரசிகர் – திரும்பிப் பார்த்தார். “அமைச்சர் ரிப்பன் வெட்டினதும் ‘இன்னொரு தபா வெட்டுங்க சார்’னு கேட்டவங்கதானே நீங்க எல்லாம்?”

வலைக்குள் ஒரே சிரிப்பு. உண்மை உறைக்கத்தான் செய்தது. “அமைச்சர் காலில் நூல் சுற்றும் ஆபத்து இல்லையே” என்றேன்.

அப்போதுதான் மல்லிகா தலையைத் திருப்பினார். “எந்த நூல்ல கட்னே?”

“நைலான் வெயில்ல மின்னுது. படத்துல காட்டிக் கொடுத்துடும். அதான் உங்கம்மா வீட்டுத் தறிப் பாவுல மிச்சம் இருந்துதே, பாசிப் பச்சை... நாலஞ்சு இழை சேர்த்து முறுக்கிக்கினேன். தண்ணியில சுத்தமா தெரியலை பாரு!”

பட்டு நூல். காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

நால்வருமே காஞ்சிபுரம். முறுக்கிய பட்டு நூலை இழுத்து, விரல் அறுபட்டு, நூல் அறாமல் இருந்ததைப் பார்க்காதவர் எங்களில் யார்? மீனைப் பற்றும் நகத்தில் அந்த நூல் சுற்றினால்? பறவை மேலே இழுக்கும், கழி கீழே பிடிக்கும். நனைந்த சிறகோடு எத்தனை நேரம் அடித்துக்கொள்ளும்? படம் அருமையாக வரும்தான். அதற்குப் பிறகு?

“யோவ், அது கால் போயிடும்யா!” என்றார் மல்லிகா.

“ஒரே ஒரு ஷாட்மா. எடுத்த உடனே ஓடிப் போயி அறுத்துடறேன்.”

“நீ கல்யாண மேடையில இருந்து இறங்கவே அரை மணி நேரம் ஆவும். நீ ஓடிப் போயி...”

அந்த நேரம் பார்த்து அது வந்தது. கழிக்கு நேர் மேலே, ஆகாயத்தில் நின்றது. சிறகு மட்டும் அடிக்க, தலை அசையாமல் கீழே பார்த்தது. தனசேகர் விரல் பட்டனில். பாஸ்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மல்லிகா எழுந்தார். வலையை விலக்கிக்கொண்டு வெளியே போனார். “ஐயோ, மேடம்!” என்று பாஸ்கர் அலறினார். காதில் வாங்கவில்லை. சுடிதாரோடு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் வீசி, “போ! போ!” என்று கத்தினார். பறவை சட்டென்று சரிந்து விலகியது. தோளில் கிடந்த ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, மீனைப் பிடித்து, அதன் உடம்பில் ஓர் இழைகூட மிச்சமில்லாமல் அறுத்துவிட்டார். விரால் ஒரு துள்ளு துள்ளிக் காணாமல் போனது.

“போச்சு... எல்லாம் போச்சு” என்றார் பாஸ்கர். தனசேகர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

பெரிய பறவையைப் பெரிதாகக் காட்ட நாம் ஏன் இத்தனை பாடுபடுகிறோம்? கல்யாண வீட்டில் பொறுக்க முடியாவிட்டால் மாப்பிள்ளை “போதும்பா” என்று சொல்லிவிடுவார். பறவைக்குத் தெரிந்த ஒரே மறுப்பு, பறந்து போவது. அதற்கும் நூல் கட்டினால்?

இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஏரியின் நடுவில்... விழுந்தது! கல் விழுந்தது போல. தண்ணீர் தெறித்தது. ஒரு கணம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு இரண்டு சிறகுகள். எழுந்தது, உடம்பை உதறியது, காலில் இருந்த மீனின் தலையை முன்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலேயே பறந்தது.

தண்ணீரில் நின்ற மல்லிகா இரண்டு கையையும் மேலே தூக்கி விசில் அடித்தார். பாஸ்கர் கேமராவை மறந்து கைதட்டினார். நானும்தான்!

“எடுத்தியாய்யா?”

“எடுத்துட்டேன்டி!”

படத்தைப் பார்த்தேன். முக்கால்வாசி ஏரியும் ஆகாயமும். பறவை ஒரு கட்டைவிரல் அளவுகூட இல்லை. கீழ் ஓரத்தில், கையைத் தூக்கியபடி நனைந்த ஒரு பெண். கண்ணும் தெரியவில்லை, நகமும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பறவை எத்தனை பெரிய இடத்துக்குச் சொந்தக்காரன் என்பது தெரிந்தது.

அதைத்தான் அன்று மாலை போட்டிக்கு அனுப்பினார் தனசேகர். பரிசு கிடைக்கவில்லை. ஸ்டூடியோ வாசலில், மணப்பெண் படம் இருந்த இடத்தில், ஆள் உயரத்துக்கு மாட்டிவிட்டார். பார்க்கிறவர்களிடம் எல்லாம், “பறவை ஏரியோடது, கீழ நிக்கறது நம்ம வீட்டோடது” என்கிறார். இரை வைத்துப் படம் எடுப்பவருக்கு இடமில்லை என்று அவர்களுடைய பறவை ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டவர் பாஸ்கர்.

போன ஞாயிற்றுக்கிழமை தென்னேரியில் இரண்டு விராலடிப்பான்கள் மீன் பிடித்தன.