தமிழ் விளங்கிய பெட்டி

இன்று காலை மொக்காவில் தண்ணீர் விட மறந்து அடுப்பில் வைத்துவிட்டேன். மொக்கா என்றால் இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும் அந்தக் குட்டிக் கோப்பிக் கேத்தில்தான். உள்ளே இருக்கும் இறப்பர் வளையம் கருகி, வீடு முழுக்க டயர் எரித்த நாற்றம். அடுப்பை நிறுத்தாமல், என்னை அறியாமலே அலுமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே மகளின் புத்தகப் பையைத் தவிர ஒன்றும் இல்லை. "மம்மா, திரும்பவும் எரிச்சுப்போட்டீங்களா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து அவள்தான் நிறுத்தினாள். பலெர்மோவில் இத்தனை வருசம் இருந்தும் ஒழுங்காக ஒரு கோப்பி போடத் தெரியாதவள் நான் என்பது அவளுடைய முடிவு.

இந்த மணம் எனக்கு, முந்தி வேலைசெய்த லிபெர்த்தாத் தெரு வீட்டின் மணம். நாங்கள் பலெர்மோவின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில், எதிர்வீட்டு ஈர உடுப்பு எங்கள் தலையில் சொட்டும் ஒழுங்கையில் இருந்தோம். வேலை பணக்காரர் இருக்கும் லிபெர்த்தாவில், லிப்டுக்குள்ளேயே கண்ணாடியும் இருக்கையும் வைத்த மாளிகையின் நாலாம் மாடியில். எண்பது தாண்டிய ஒரு சிஞ்ஞோராவை, அந்த வீட்டுக்கார அம்மாவை, பார்த்துக்கொள்ள வேண்டும். அவருடைய மகன் மிலானோவில். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு வந்தவர் கேக்குக்குப் பதிலாக வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அலுமாரியின் மேல் வைத்தார். அரிசி அளக்கிற சுண்டு அளவுதான் இருக்கும். அதில் ஒரு கண், ஒரு நீல வெளிச்சம். "இனிமேல் கியாரா உங்களுக்குத் துணை, அம்மா" என்றார்.

பெட்டிக்குள்ளிருந்து ஓர் இளம்பெண் குரல் வணக்கம் சொன்னது, அசல் பலெர்மோ இழுவையோடு. நான் பேசும் இத்தாலியனை மூன்று தரம் திருப்பிச் சொல்லவைக்கும் சிஞ்ஞோரா அன்றைக்கே அந்தக் குரலில் மயங்கிவிட்டார். "பல்லரோச் சந்தைப் பக்கத்துப் பிள்ளை இவள்" என்று சத்தியம் செய்யாத குறை. கியாரா மருந்து நேரத்தை நினைவூட்டுவாள், தண்ணீர் குடிக்கச் சொல்வாள், சேர்ந்து சிரிப்பாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். மறைப்பானேன்.

இங்கே வீட்டுவேலைக்குப் போகும் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தமிழ் என்றால் பூட்டின அறை என்று நினைப்போம். ஸ்திரி போடும்போதும் குசினி கழுவும்போதும் காதில் போனைச் செருகிக்கொண்டு வாய் ஓயாமல் கதைப்போம். சிஞ்ஞோரா பக்கத்திலேயே இருப்பார், அவரைப் பற்றியே கதைப்போம். நானும் மொண்டெல்லோவில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சிநேகிதி சுமதியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நாலு மணி விசயத்தையும் சேர்த்து.

நாலு மணிக்கு மகளின் பள்ளிக்கூடம் விடும். கூட்டிவர ஆள் இல்லை. சிஞ்ஞோரா மூன்றரைக்குச் சாய்ந்தால் ஐந்துக்குத்தான் எழும்புவார். நான் சத்தமில்லாமல் இறங்கிப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்து, பக்கத்துத் தெருவில் வேலைசெய்த மொரீசியஸ் அக்கா ஒருவரிடம் விட்டுவிட்டுத் திரும்புவேன். நாற்பது நிமிடம். ஒரு நிமிடமும் கிழவியைத் தனியே விடக்கூடாது என்பதுதான் வேலைக்கு எடுத்தபோது மகன் சொன்ன முதல் வார்த்தை. பெட்டிக்குக் கண் இருந்தது தெரியும். ஆனால் கியாரா சிஞ்ஞோராவோடு கதைக்க மட்டும் எட்டிப்பார்ப்பவள் என்று எப்படியோ முடிவுகட்டியிருந்தேன். என் மூளை அவ்வளவுதான்.

ஒரு பின்னேரம் மொக்காவை அடுப்பில் வைத்துவிட்டு, ஸ்திரி போட்டபடி சுமதியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். "பெட்டிக்குள்ளை இருக்கிறவள் நல்லாய்க் குழையிறாளடி" என்று சொன்னது நினைவிருக்கிறது.

"அக்கா. அடுப்பு."

மெல்லிய குரல். தமிழ். நான் சிஞ்ஞோராவைப் பார்த்தேன். அவர் கதிரையில் வாய் மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, புகை வருது. ஓடுங்கோ."

ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினேன். திரும்பி வந்து, கையிலிருந்த துவாயால் பெட்டியை மூடினேன். துவாய்க்குள்ளிருந்தும் குரல் வந்தது. "துணியை எடுங்கோ அக்கா. கண் மறைஞ்சால் எனக்கு ஏச்சு விழும். நான் பேய் இல்லை, வவுனியாவிலை இருந்து கதைக்கிறன்."

பெட்டியை விற்ற மிலானோக் கொம்பனி, அதற்குள் பேசுகிற வேலையை அங்கே கொடுத்திருந்ததாம். ஒரு புடவைக்கடை மேல்மாடியில் ஒன்பது பெண்பிள்ளைகள். எல்லாரும் இத்தாலியில் வளர்ந்து திரும்பிப் போனவர்கள், எல்லாருக்கும் பெட்டியில் கியாரா என்றே பெயர். ஆளுக்குப் பன்னிரண்டு வீடு, அவரவர் வீடு அவரவருக்கு.

"நான் அல்பெர்கேரியாவிலைதான் வளந்தனான், அக்கா. பதினாலு வயசிலை அப்பாவுக்கு வேலை போக, எல்லாரும் திரும்பி வந்திட்டம்."

"அம்மா?"

"அம்மா இப்ப குவைத்திலை. ஒரு வீட்டிலை பிள்ளை பாக்கிறா."

ஐந்து மாதமாக என் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றும் அவள் காதில் விழுந்திருக்கிறது. "அப்ப நாலு மணிக்கு…" என்று இழுத்தேன்.

"ஓம், தெரியும். நான் கொம்பனி றிப்போட்டிலை ஒண்டும் எழுதேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ, நான் அவவைப் பாக்கிறன்."

அதற்குப் பிறகு அப்படித்தான் நடந்தது. மிலானோக்காரரின் தாயை நான் பார்க்க, நான் என் பிள்ளையிடம் ஓடும்போது இவள் பார்க்க, இவளுடைய தாய் எங்கோ வேறொருத்தியின் பிள்ளையைப் பார்த்தாள். அன்றைக்கு இதைச் சுமதியிடம் பகிடியாகத்தான் சொன்னேன்.

ஆனால் பயமும் இருந்தது. "அக்கா, ஒரு தோட்டைக் காணேல்லை" என்பாள். காதைத் தடவினால் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். மழை நாளில் பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பிவிடச் சொல்வாள். திருப்பிவிட்டால் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே மரக்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போவான். "அதே சத்தம்தான்" என்று மெல்லச் சொல்வாள். முகம் தெரியாத ஒருத்தி என் பக்கத்தில் ஜன்னலோரம் நிற்பதுபோல இருக்கும். அவளுக்கு என் முகம், நடை, இருமல் எல்லாம் தெரியும். நான் அவளுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. பிள்ளை, பிள்ளை என்றே காலத்தை ஓட்டிவிட்டேன்.

பிறகு வவுனியாவில் கரன்ட் நேரம்காலம் இல்லாமல் போகத் தொடங்கியது. ஒருநாள் மூன்றே முக்காலுக்குச் சொன்னாள்: "இண்டைக்குப் போகாதேங்கோ அக்கா. இப்ப கரன்ட் போகும். ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை."

வெளியே மழை. பள்ளிக்கூட வாசலில் என் பிள்ளை நனைவாள். "ஓடிப்போய் ஓடி வாறன்" என்றேன்.

திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. நீல வெளிச்சம் இல்லை. கதிரை வெறுமையாக இருந்தது. சிஞ்ஞோரா இரண்டு மாடிக்குக் கீழே படியில் ஒற்றைச் செருப்போடு, மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தார். "கியாரா பதில் சொல்லவில்லை. தேடி வந்தேன்" என்றார். மணிக்கட்டு முறிந்திருந்தது.

அடுத்த நாள் மகன் விமானத்தில் வந்தார், கையில் கொம்பனியின் கடிதம். வாசித்துக் காட்டினார். பராமரிக்கிறவர் வீட்டில்தான் இருந்தார், குளியலறையில். தொடர்பு அறுபடப்போவதைக் கண்காணிப்பவர் முன்கூட்டியே அறிவிக்கவில்லை. அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டுள்ளார். நான் குளியலறையில் இருந்ததாக எழுதியது அவள். கரன்ட் வந்ததும் உட்கார்ந்து, போகாதேங்கோ என்று என்னை மறித்ததையும் மறைத்து எழுதியிருக்கிறாள். மகன் என் கையைப் பிடித்து, உன்மேல் பிழையில்லை என்றார். நான் நன்றி சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அந்த வேலை தேவைப்பட்டது, பிள்ளை சின்னவள். நியாயங்களை எனக்கே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். வெட்கம் போகவில்லை.

இரண்டு நாளில் நீல வெளிச்சம் திரும்ப வந்தது. "நான் கியாரா" என்றது வேறொரு குரல். சிஞ்ஞோரா தூங்கியதும் கிட்டப்போய், "பிள்ளை?" என்றேன். விளங்கவில்லை, தயவுசெய்து திருப்பிச் சொல்லுங்கள் என்று இத்தாலியனில் பதில் வந்தது. மூன்று தரம் கூப்பிட்டேன். மூன்று தரமும் அதே பதில், ஒரு நூல்கூடப் பிசகாத அதே தொனியில். அது மிசின். சிஞ்ஞோராவும் கண்டுபிடித்துவிட்டார். "இவள் மூச்சு விடுகிறாள் இல்லை" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சாகும்வரை அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டியே இருந்தார்.

போன முறை ஊருக்குப் போனபோது, மகளையும் இழுத்துக்கொண்டு வவுனியாவில் புடவைக்கடை கடையாக ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர்தான் சொன்னார். "இத்தாலிக் கந்தோரோ? அது எப்பவோ பூட்டியாச்சு. இப்ப மேலை சாறி அடுக்கியிருக்கிறம். பிள்ளையள் திக்குத் திக்காய்ப் போட்டுதுகள். நீங்கள் தேடுற பிள்ளையின்ரை பேர் என்ன?"

சொல்ல என்னிடம் பெயர் இல்லை. வெளியே வந்து, வெயில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடை வாசலில் எல்லாருக்கும் தெரியும்படி நின்றேன். நான் அவளைக் கண்டுபிடிக்க முடியாது. அவள்தான் என்னைக் காணவேண்டும். "ஆரைப் பாக்கிறீங்கள்?" என்று மகள் சிணுங்கினாள். ஸ்கூட்டியிலும், குடை பிடித்தும், இடுப்பில் பிள்ளையோடும் அந்த வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் போனார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடக்கக் காத்துநின்ற ஒருத்தி மட்டும் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். என் முகத்தை, காதை, பிறகு பக்கத்தில் நின்ற மகளை. என் கை பாதி எழும்பியது. அவள் கடக்கவில்லை, திரும்பி, வந்த வழியே நடந்து போய்விட்டாள்.

வெளிநாட்டு உடுப்பை வேடிக்கை பார்த்தவளாகவும் இருக்கலாம். அவளேதான் என்றால், ஆளை அடையாளம் கண்டுதான் போயிருக்கிறாள். அதைப் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை.